கள்ளிக்கு எமன் குளிரல்ல, ஈரம்

2022 ஜூலையில் இங்கிலாந்தின் கோனிங்ஸ்பியில் வெயில் 40.3 டிகிரியைத் தொட்ட பிறகு, அந்நாட்டுத் தோட்டக்காரர்களின் கள்ளி மோகம் இன்னும் கூடியிருக்கிறது. புல்தரையைப் பெயர்த்துச் சரளை பரப்பி, கற்றாழையும் சப்பாத்திக்கள்ளியும் நட்டுவிட்டால் வறட்சிக் கவலை தீர்ந்தது என்கிறார்கள். குளிர்காலம் வந்தால் என்ன ஆகும் என்று கேட்டால், வடிகால் சரியாக இருந்தால் எதுவும் பிழைக்கும் என்கிற பதில் தயாராக இருக்கிறது.

ஆசையில் நியாயம் உண்டு. ஆல்ப்ஸ் மலையின் செம்பர்விவம் என்ற சதைப்பற்றுச் செடி ஐரோப்பியக் கூரைகளில் காலங்காலமாக வளர்கிறது. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலிருந்து வந்த ஒபன்ஷியா ஹ்யூமிஃபூசா என்ற சப்பாத்திக்கள்ளி பனியோடு மழையையும் தாங்கும். எசெக்ஸில் பழைய கார் நிறுத்துமிடத்தில் தோட்டக்கலைஞர் பெத் சாட்டோ 1990களின் தொடக்கத்தில் அமைத்த சரளைத் தோட்டம் தண்ணீர் ஊற்றாமலே செழிக்கிறது. ஆனால் அங்கிருப்பவை பெரும்பாலும் மத்தியதரைக்கடல் பகுதிச் செடிகள். கள்ளிக்கு அதைச் சாட்சியாக அழைக்க முடியாது.

கோளாறு வடிகால் வாதத்தில்தான் இருக்கிறது.

கனடாவின் புல்வெளிகளில் ஒபன்ஷியா ஃப்ராஜிலிஸ் என்ற கள்ளி மைனஸ் 30 டிகிரியிலும் சாவதில்லை. இலையுதிர்காலத்திலேயே அது உடலின் நீரை வற்றவிட்டு, சுருங்கித் தரையோடு படுத்துவிடுகிறது. நீர் குறையக் குறையச் சாற்றில் சர்க்கரை அடர்கிறது. உறைபனியால் திசுக்களைக் கிழிக்க முடிவதில்லை. இந்தத் தற்காப்புக்குச் செடி காய வேண்டும். கள்ளிகள் திறந்த வெளியில் நிற்கும் அமெரிக்காவின் டென்வரில் ஜனவரி மாதம் பெய்வது சுமார் 10 மில்லிமீட்டர். லண்டனில் 55க்கு மேல். டென்வரின் குளிர் லண்டனைவிடக் கொடியது. ஆனாலும் லண்டனில்தான் செடி அழுகுகிறது.

ஜல்லியும் மணலும் வேரைத்தான் காக்கும். கற்றாழையின் குருத்து ஒரு கிண்ணம். அதில் தேங்கும் மழைநீரை அடியிலுள்ள எந்த ஜல்லியும் வடிக்காது. அந்த நீர் இரவில் உறைந்து பகலில் உருகுகிறது. திசு வெடித்த இடத்தில் பூஞ்சை நுழைகிறது. டிசம்பரின் மங்கிய வெளிச்சத்திலும் ஈரக்காற்றிலும் காயம் உலர வழியில்லை. அழுகல் கண்ணுக்குத் தெரிவதற்குள் மார்ச் வந்துவிடும். பழி முழுவதும் பனியின் மேல் விழும். 2022லேயே தென் இங்கிலாந்தில் மழை மிகுந்த நவம்பரை அடுத்துத்தான் டிசம்பர் உறைபனி இறங்கியது.

இங்கிலாந்தின் சில்லி (Scilly) தீவுகளிலுள்ள ட்ரெஸ்கோ அபே தோட்டத்தை எடுத்துக்காட்டுவோர், அது கடல் காக்கும் இடம் என்பதைச் சொல்வதில்லை. அங்கேயே 1987 ஜனவரியின் உறைபனி பெரும்பாலான செடிகளைக் கொன்றுபோட்டது.

இத்தனைக்குப் பிறகும் நர்சரி லேபிள்கள் "மைனஸ் 15 வரை தாங்கும்" என்ற ஒற்றை எண்ணோடுதான் வருகின்றன. பிரிட்டனின் அரச தோட்டக்கலைச் சங்கத்தின் தாங்குதிறன் தரவரிசையும் வெப்பநிலையை வைத்தே வகுக்கப்பட்டது. உலர்ந்த செடிக்குப் பொருந்தும் எண்ணை நனைந்த செடியின் மேல் ஒட்டி விற்பது ஏமாற்று வேலை.

அக்டோபர் முதல் மார்ச் வரை செடிக்கு மேல் கண்ணாடித் தகடோ பாலிகார்பனேட் தகடோ போட்டு, பக்கங்களைத் திறந்துவிடுவதே நம்பத்தக்க வழி. தகடு தோட்டத்தின் அழகைக் கெடுக்கிறது என்பவர்கள் கள்ளியை விட்டுவிட்டுச் செம்பர்விவத்தோடு நிறைவடையலாம். செடி வாங்குவோர் எத்தனை டிகிரி தாங்கும் என்று இனிக் கேட்க வேண்டாம். கூரையில்லாமல் எந்த ஊரில், எத்தனை குளிர்காலம் நின்றது என்று கேட்கட்டும்.