தரை தெரியாமல் சோனாரை நம்பலாமா?

1991 பிப்ரவரி 18 அன்று வடக்குப் பாரசீக வளைகுடாவில், ஒரே காலைப்பொழுதில், அமெரிக்கக் கடற்படையின் இரண்டு கப்பல்கள் இராக்கியக் கண்ணிவெடிகளில் சிக்கின. 'டிரிப்போலி' மோதியது நங்கூரமிட்டு நீருக்குள் மிதக்கவிட்ட பழைய பாணிக் கண்ணியில். 'பிரின்ஸ்டன்' கப்பலை முடக்கியதோ, கடலடித் தரையில் கிடந்த இத்தாலியத் தயாரிப்பான 'மான்டா'. நுனி வெட்டிய கூம்பு வடிவம், கண்ணாடியிழை உறை, அரை மீட்டர்கூட இல்லாத உயரம். ஒலியை அனுப்பி அதன் எதிரொலியால் பொருளைக் காணும் சோனாருக்குப் பெரிய சோதனை இந்த வகைதான்.

சோனாரின் பலம் எதிரொலியைவிட நிழலில் இருக்கிறது. நூறு கிலோஹெர்ட்ஸ், அதற்கு மேற்பட்ட ஒலியைச் சாய்வாக வீசினால், தரையில் கிடக்கும் பொருளுக்குப் பின்னால் ஒலி படாத இடம் படத்தில் கறுப்பாக விழும். கிடப்பது உருளையா, கூம்பா, வெறும் கல்லா என்று இயக்குபவர் பெரும்பாலும் அந்தக் கறுப்பை வைத்தே முடிவு செய்கிறார். தட்டையான மணல் தரையில் இம்முறை அருமையாக வேலை செய்யும். நகர்ந்தபடி பெறும் பல எதிரொலிகளை ஒன்றுசேர்த்துப் படமாக்கும் சிந்தெடிக் அப்பர்ச்சர் சோனார் வந்தபின் தொலைவில் கிடப்பதும் சில சென்டிமீட்டர் நுணுக்கத்தில் தெரிகிறது.

பாறைத் தரையில் ஒவ்வொரு கல்லும் ஒரு நிழல் போடும். சந்தேகப்பட்ட ஒவ்வொன்றையும் முக்குளிப்பவரோ ரோபோவோ போய்ப் பார்த்தாக வேண்டும். இது எரிச்சல், தாமதம், அவ்வளவுதான். உண்மையான சிக்கல் புதைவு.

சேற்றில் விழும் கனத்த கண்ணி விழுந்த வேகத்திலேயே அமிழ்ந்துவிடும். மணலில், புயல் அலைகள் அதைச் சுற்றி அரித்துக் குழி பறிக்கும். கண்ணி அக்குழியில் இறங்கும், மணல் மூடும். அமெரிக்காவின் மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக்கருகே 2003-04இல் கருவிகள் பொருத்திய போலிக் கண்ணிகளைக் கடலில் இட்டுப் பார்த்தார்கள். நுண்மணலில் இட்டவை ஏறக்குறைய முழுதும் புதைந்தன. பருமணலில் இட்டவை சுற்றியிருந்த மணல்வரிகளின் உயரத்துக்கு இறங்கி நின்றன. பின்னது நல்ல செய்தி அல்ல: வரிகளுக்கு நடுவே, வரிகளின் உயரத்தில் நிற்கும் கண்ணிக்குத் தனி நிழல் ஏது?

மணலில் ஒலி நீரைவிட வேகமாகச் செல்வதால், தரையோடு ஏறக்குறைய 25 முதல் 30 டிகிரிக்குக் குறைவான கோணத்தில் வரும் ஒலியின் பெரும்பகுதி உள்ளே நுழையாமல் தெறித்துவிடும். நுழையும் கொஞ்சமும் உயர் அதிர்வெண்ணில் சீக்கிரமே மடியும். தூரத்துத் தேடலும் நீண்ட நிழலும் அந்தச் சிறு கோணத்தால்தான் கிடைக்கின்றன. ஆக, பலத்தைக் கொடுக்கும் ஏற்பாடே குருட்டுத்தனத்தையும் கொடுக்கிறது. படத்தை எவ்வளவு கூர்மையாக்கினாலும் இது தீராது. அதிர்வெண்ணைக் குறைத்தால் ஒலி ஆழமாகப் போகும், படம் மங்கும். புதைந்த கண்ணிகளைத் தேட அமெரிக்கக் கடற்படை இன்றுவரை டால்பின்களைப் பழக்கி வைத்திருப்பது வேடிக்கைக்காக அல்ல.

கப்பல் கடப்பதுபோல் போக்குக்காட்டிக் கண்ணியைத் தூண்டி வெடிக்க வைக்கும் பழைய முறை மாற்றாகுமா? முழுமையாக ஆகாது. முதல் சில கப்பல்களைப் போகவிட்டு, எண்ணி வெடிக்கும் கண்ணிகள் உண்டு.

ஆகவே, தரை வகையைக் குறிப்பிடாமல் 'இத்தனை விழுக்காடு கண்டுபிடிக்கும்' என்று சொல்லும் எந்தக் கணக்கும் பாதிக் கணக்கே. துறைமுக வழித்தடங்களின் தரையை அமைதிக் காலத்திலேயே அளந்து, ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் மறுபடி அளந்து ஒப்பிட வேண்டும். புதிய சோனார் வாங்கும் கடற்படை, விற்பவரின் மணல் தரையில் அல்ல, தன் துறைமுகச் சேற்றில் அதை ஓட்டிக் காட்டச் சொல்லட்டும்.