கடைசிப் படியில் லினக்ஸ்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு ஏறலாம் என்றால் டிபிஎம் 2.0 சிப் வேண்டும், ஏறக்குறைய 2017 கடைசிக்குப் பிறகு வந்த பிராசசர் வேண்டும். திருத்தணி மாதிரி ஊர்களில் உள்ள டிடிபி கடைகளில் ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்களில் பல இந்தக் கணக்குக்குள் வராது.

உடனே நம்ம கட்டற்ற மென்பொருள் நண்பர்கள் சொல்வது: "லினக்ஸுக்கு மாறிடுங்க. பழைய மெஷின் புதுசு மாதிரி ஓடும், காசும் கிடையாது." இரண்டும் உண்மைதான். ஆனால் இதை ஒரு டிடிபி கடைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். "அது நமக்கு ஒத்துவராதுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். ஏற்கெனவே ஒரு தடவை போட்டுப் பார்த்து வெறுத்துப்போனவராகவும் இருக்கலாம்.

இந்த வெறுப்பைச் சோம்பேறித்தனம், பழக்க தோஷம், பயம் என்றெல்லாம் நாம் வகைப்படுத்துகிறோம். என் வாதம் வேறு. அவருடைய தொழிலின் கணக்குப்படி அவர் சொல்வது சரியான தீர்ப்பு. நாம் அவருக்குக் கொடுக்கும் ஆலோசனைதான் தலைகீழாக இருக்கிறது.

முதலில் அவருடைய ஹார்ட் டிஸ்கில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பதினைந்து, இருபது வருஷத்துக் கல்யாணப் பத்திரிகைகள், மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, கிரகப்பிரவேசம், கண்ணீர் அஞ்சலி. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி மன்றங்கள் அடிக்கும் நோட்டீஸ். டிசம்பர் 31 படித் திருவிழாவுக்கு பஜனைக் குழுக்களின் பேனர். பாதி கோரல்டிராவில், மீதி பேஜ்மேக்கரில். ஒரு குடும்பம் மூத்த பெண்ணுக்குப் பத்திரிகை அடித்த கடைக்கே இளைய பெண்ணுக்கும் வரும். "அதே மாதிரி, பேரை மட்டும் மாத்திக் குடுங்க" என்று கேட்கும். அந்தப் பழைய கோப்பு திறந்தால்தான் பத்து நிமிஷத்தில் வேலை முடியும். திறக்கவில்லை என்றால் அரை நாள் போச்சு. கடையின் முதலீடு கணினியில் இல்லை, இந்தக் கோப்புகளில்தான் இருக்கிறது.

பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். அதோடு அடோபி அதைக் கைவிட்டுவிட்டது. கால் நூற்றாண்டு ஆகிறது. இன்னும் தமிழ்நாட்டு அச்சுத் தொழிலில் அது உயிரோடு இருக்கிறது. ஏன் இந்தப் பிடிவாதம்? காரணம் எழுத்து.

ஒருங்குறி பரவுவதற்கு முன் வந்த தமிழ் எழுத்துருக்கள் ஒரு தந்திரத்தில் வேலை செய்தன. ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தார்கள். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கணினி உள்ளே சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளை. அதை நமக்குத் தமிழாகக் காட்டுவது அந்த எழுத்துரு மட்டுமே. அரசு அலுவலகங்களில் புழங்கிய வானவில்லுக்கு வேறு கணக்கு, ஸ்ரீலிபிக்கு வேறு கணக்கு. எழுத்துருவை எடுத்துவிட்டால் இருபது வருஷத்து வேலையும் ஆங்கிலக் கிறுக்கலாகிவிடும். ஆக, கடைக்காரர் விண்டோஸை நேசிக்கிறார் என்று நினைக்க வேண்டாம். அவர் தன் எழுத்தைத் தொலைக்க மறுக்கிறார், அவ்வளவுதான்.

திருத்தணியில் இந்தச் சிக்கல் இரட்டிப்பு. 1960 ஏப்ரல் 1 வரை இந்த ஊர் ஆந்திராவின் சித்தூர் மாவட்டம். ம.பொ.சி. முதலானோர் நடத்திய எல்லைப் போராட்டம், பட்டாஸ்கர் பரிந்துரை, நாடாளுமன்றச் சட்டம் எல்லாம் கடந்து ஒரே நாளில் சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லைக்கோடு ஒரு நாளில் மாறிவிட்டது. வீட்டுக்குள் பேசும் மொழி மாறவில்லை. நகரியிலும் புத்தூரிலும் சம்பந்தம் செய்யும் குடும்பங்களுக்குப் பத்திரிகையில் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் தெலுங்கு வேண்டும். தெலுங்குக்கு அனு எழுத்துருக்கள். அதற்கும் தனிக் குறியேற்றம், தனி விசைப்பலகை. ஒரே பத்திரிகைக்குள் இரண்டு பூட்டு.

இயங்குதளத்தை மாற்றுவதும் அந்த எல்லை மாற்றம் மாதிரிதான். கோட்டை ஒரு நாளில் நகர்த்திவிடலாம். உள்ளே புழங்குவது நகராமல் அப்படியே நிற்கும்.

தமிழ்நாட்டில் கோட்டை நகர்த்தும் முயற்சி இரண்டு தடவை நடந்தது. 2006 வாக்கில் எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் தன் நிறுவனத்தையே சூசே லினக்ஸுக்கு மாற்றினார். மற்ற அரசு அலுவலகங்களுக்கும் அதைக் கொண்டுபோக முயன்றார். துணிச்சலான காரியம். ஆனால் அவர் அந்தப் பொறுப்பிலிருந்து போன பிறகு அந்த வேகம் நிற்கவில்லை. அடுத்தது 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம். அந்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ், சென்னை சி-டாக் உருவாக்கியது. லட்சக்கணக்கான வீடுகளுக்குள் லினக்ஸ் நுழைந்த தருணம் அது. என்ன ஆச்சு? மெஷினைப் போட்டால் இரண்டு பெயர் வரும், பிள்ளைகள் விண்டோஸைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். பெரும்பாலான மாணவருக்கு மற்றதைத் திறந்தே ஆக வேண்டிய வேலை எதுவும் இல்லை.

இரண்டு முயற்சியிலும் இயங்குதளம்தான் முதலில் வந்தது. அதன்மேல் என்ன வேலை நடக்கும் என்ற கேள்வி பின்னால் வந்தது, அல்லது வரவே இல்லை.

இதற்கு மாறாக நடந்த ஒரு கதை பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. கேரளத்தின் 'ஜனயுகம்' நாளிதழ் 2019-இல் தன் முழுத் தயாரிப்பையும் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. அதுவரை அவர்களும் நம்ம கடைக்காரர் மாதிரியேதான்: விண்டோஸ், பேஜ்மேக்கர், பழைய குறியேற்ற மலையாள எழுத்துருக்கள். இப்போது குபுண்டு, ஸ்கிரைபஸ், கிம்ப், இங்க்ஸ்கேப். ஆனால் குபுண்டு குறுந்தகட்டைக் கையில் கொடுத்துவிட்டு யாரும் போய்விடவில்லை. கே.எச். ஹுசைன் போன்ற எழுத்துரு வல்லுநர்களும் ரச்சனா அச்செழுத்துக் குழுவும் பத்திரிகைக்கு ஏற்ற ஒருங்குறி எழுத்துருக்களைச் செய்துகொடுத்தார்கள். ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். தினமும் பேப்பர் வெளிவந்தாக வேண்டிய இடத்தில், வேலை நிற்காமல் மாறினார்கள்.

இதற்குப் பின்னால் இன்னொரு உழைப்பும் இருக்கிறது. ஸ்கிரைபஸில் நம்ம மாதிரிக் கூட்டெழுத்து மொழிகள் ரொம்ப காலம் ஒழுங்காக வரவில்லை. கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். ஓமன் நாட்டுக் கட்டற்ற மென்பொருள் குழு ஒன்று, அரபிக்காகத் தொடங்கி, அதைச் சரிசெய்தது. 2017-இல் வந்த 1.5.3 பதிப்பிலிருந்து அது எல்லாருக்கும் கிடைத்தது, நிலையான 1.6 பதிப்பு 2024 ஜனவரியில்தான் வந்தது. கவனியுங்கள்: 2011-இல் ஒரு டிடிபி கடைக்காரர் லினக்ஸில் தமிழில் பக்கம் கட்ட முயன்றிருந்தால் அவருக்கு நியாயமாகவே வெறுத்துப் போயிருக்கும். அன்றைக்கு அவர் சொன்ன 'ஒத்துவராது' பொய்யில்லை.

இன்றைக்கு? பாதி தீர்ந்திருக்கிறது. தமிழ்99-உம் பழைய தட்டச்சு முறையும் லினக்ஸில் ஐபஸ் வழியாகக் கிடைக்கின்றன, விரல் பழக்கத்தை மாற்ற வேண்டாம். பேஜ்மேக்கர் கோப்புகளை லிப்ரேஆபீஸ் 2015 முதல் திறக்கிறது. கோரல் கோப்புகளை இங்க்ஸ்கேப் ஓரளவு திறக்கும். அமைப்பு அங்கங்கே கலையும். பாமினி, வானவில் போன்ற குறியேற்றங்களை ஒருங்குறிக்கு மாற்ற 'ஓப்பன் தமிழ்' போன்ற கட்டற்ற நிரல்கள் இருக்கின்றன.

மீதிப் பாதியை மறைக்கக் கூடாது. ஆஃப்செட் அச்சுக்கு நான்கு வண்ணப் பிரிப்பு வேண்டும். ஸ்கிரைபஸ் அதைச் செய்யும், இங்க்ஸ்கேப் அதில் பலவீனம். பத்திரிகைத் தலைப்புக்கு வேண்டிய அலங்கார எழுத்துகள் ஒருங்குறியில் தமிழுக்குக் குறைவு. பலூ தம்பி, கவிவனார், அரிமா மதுரை என்று சில நல்லவை வந்திருக்கின்றன, போதாது. இந்த விஷயத்தில் தெலுங்குப் பக்கம் நம்மைவிட முன்னே நிற்கிறது. 2010களின் தொடக்கத்தில் சிலிக்கான் ஆந்திராவும் அப்போதைய ஆந்திர அரசும் சேர்ந்து ராமபத்ரா, மல்லன்னா, சுரன்னா என்று ஒரு வரிசை எழுத்துருக்களை இலவசமாக விட்டார்கள். தமிழ்நாடு அரசு 2010 ஜூனில் ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது. தமிழ் இணையக் கல்விக்கழகம் எழுத்துருக்களும் தந்தது. அவை கடிதம் அடிக்க நன்றாக உதவும். கல்யாணப் பத்திரிகையின் தலைப்பில் போட்டால் தாலுகா ஆபீஸ் சுற்றறிக்கை மாதிரி இருக்கும்.

இன்னொன்று, விலை. 'இலவசம்' என்பது நம் பெரிய அஸ்திரம். அது இங்கே பாயாது. பல கடைகளில் விண்டோஸுக்கோ கோரலுக்கோ யாரும் காசு கொடுத்ததே இல்லை. ஓசியில் இருப்பவரிடம் 'ஓசி' என்று சொல்லி என்ன விற்பது? அவருக்கு உண்மையான செலவு மெஷின் நின்ற நாள். முகூர்த்த மாசத்தில் பிரிண்டர் மக்கர் செய்தால் விண்டோஸ் தெரிந்த பையன் அரை மணியில் வந்துவிடுவான். லினக்ஸுக்கு யாரைக் கூப்பிடுவது? திருத்தணியில் பதில் கிடைக்கும்வரை இந்தப் பேச்சு பேச்சாகவே நிற்கும்.

ஆகவே நான் சொல்லும் வரிசை இது. இருக்கிற விண்டோஸை இப்போதைக்குத் தொட வேண்டாம். இணையத்திலிருந்து மட்டும் பிரித்து வையுங்கள், பாதுகாப்புக் கவலை பெரிதும் குறையும். பென் டிரைவில் ஜாக்கிரதை. புது வேலைகளை ஒருங்குறியில் மட்டும் தொடங்குங்கள். விண்டோஸிலேயே ஸ்கிரைபஸ், இங்க்ஸ்கேப் இரண்டையும் போட்டு நோட்டீஸ் மாதிரிச் சின்ன வேலையில் கை பழகுங்கள். அச்சகத்துக்குக் கோரல் கோப்பு அனுப்பாமல் பிடிஎஃப் அனுப்பிப் பாருங்கள், நிறம் சரியாக வருகிறதா என்று. திரும்பத் திரும்ப வரும் பழைய பத்திரிகைகளை மட்டும், வருகிறபோது, ஒவ்வொன்றாக மாற்றுங்கள். எல்லாவற்றையும் மாற்ற உட்கார்ந்தால் ஆயுசு போதாது.

ஒரு வருஷம் இப்படிப் போனால் அன்றாட வேலையில் விண்டோஸ் மட்டுமே செய்யக்கூடியது மெல்லக் குறைந்துவிடும். அப்போது இயங்குதளம் மாற்றுவது ஒரு சாயங்கால வேலை. பழைய கோப்புகளுக்காக ஒரு பழைய மெஷின் மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும்.

மலைக்கு நடந்து போகிறவர்கள் 365 படியையும் ஏறித்தான் சந்நிதிக்கு வருகிறார்கள். நாமோ கடைசிப் படியை முதல் படி என்று காட்டி, ஏறாதவரைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறோம். லினக்ஸ் பிடிக்காதவர் மாற வேண்டுமானால் அவருக்கு லினக்ஸ் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. தன் எழுத்து தன் கையில் இருக்கிறது என்ற உறுதி அவருக்கு வந்தால் போதும். அந்த வேலையில் நமக்கும் பங்கு உண்டு: பிரசாரத்தைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, நாலு நல்ல அலங்கார எழுத்துருவையும், கோளாறு வந்தால் கூப்பிட ஒரு போன் நம்பரையும் கொடுப்பது.