வண்டி உன்னுது, ரூட்டு என்னுது!

‘வேலையை விட்டுட்டு சொந்தமா பண்ணப் போறேன்’ என்று உங்கள் வீட்டில் யாராவது கிளம்பினால், அட்வைஸ் புத்தகமெல்லாம் வாங்கித் தராதீர்கள். ‘சாரி வீ மிஸ்டு யூ’ படத்தைப் போட்டுக் காட்டுங்கள். 2019-ல் வந்த பிரிட்டிஷ் படம். இயக்கம் கென் லோச், எழுத்து பால் லாவர்ட்டி. நான் படித்த பி.காம். பாடங்களில்கூட இந்த விஷயத்தை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

நியூகாஸில் நகரம். கட்டட வேலை, குழாய் வேலை என்று கிடைத்ததையெல்லாம் செய்து அலுத்துப் போனவன் ரிக்கி. இனி யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம் என்று பார்சல் டெலிவரிக்கு வருகிறான். டிப்போ மேனேஜர் மலோனி சொல்வதன் சாரம் இதுதான்: ‘இங்கே உனக்கு யாரும் வேலை தரவில்லை. நீ எங்களோடு சேர்ந்து தொழில் செய்கிறாய்.’ கேட்க எவ்வளவு ஜோராக இருக்கிறது! ரிக்கி அங்கேயே விழுந்துவிடுகிறான்.

ரேட் யார் வைப்பது? ஒருநாள் வர முடியாவிட்டால் என்ன ஆகும்? சாமான் தொலைந்தால் யார் தலையில் விழும்? மூன்றே கேள்விகள். ரிக்கி ஒன்றைக்கூடக் கேட்பதில்லை.

அடுத்தது முதல். வேனுக்கு முன்பணம் வேண்டுமே? மனைவி அபியின் காரை விற்கிறார்கள். அவள் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்த்துக்கொள்பவள். இனி பஸ்தான். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே அலைகிற நேரத்துக்கு அவளுக்குக் கூலி கிடையாது. வேன் வந்தது ரிக்கியின் கணக்கில் வரவு. அபி பஸ் ஸ்டாப்பில் நிற்கிற நேரம் எந்தக் கணக்கிலும் பற்று இல்லை! புதிதாகத் தொழில் தொடங்குகிற பலர் ‘லாபம்’ என்று சொல்வது, வீட்டில் இன்னொருவர் சத்தமில்லாமல் கட்டுகிற தொகைதான். இதைக் காட்டியதற்காகவே லோச்சுக்குக் கை கொடுக்கலாம்.

படத்தின் உச்சம் என்று நான் நினைப்பது வேறு காட்சி. ரிக்கி ஒருநாள் சின்னப் பெண்ணை வேனில் கூட்டிக்கொண்டு போகிறான். இருவருக்கும் அவ்வளவு சந்தோஷம். மறுபடி டிப்போவுக்கு வந்தால், கூடாது என்கிறார் மலோனி. வண்டி என்னுது, இன்ஷூரன்ஸ் என்னுது, பொண்ணு என்னுது, அப்புறம் என்ன என்று குழம்புகிறான் ரிக்கி. நஷ்டம் அத்தனையும் உன்னுது, முடிவு மட்டும் என்னுது என்பதுதான் பதில்.

காமர்ஸில் முதல் பாடமே, ரிஸ்க் எடுக்கிறவனுக்குத்தான் லாபம் என்பது. இங்கே ரிஸ்க்கையும் லாபத்தையும் தனித்தனியாகப் பிரித்து, ரிஸ்க்கை மட்டும் ரிக்கிக்கு பார்சல் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். 2021 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஊபர் ஓட்டுநர்களைத் தனி முதலாளிகள் என்று ஏற்க மறுத்ததும் இதனால்தான். கட்டணத்தையும் நிபந்தனையையும் கம்பெனிதானே தீர்மானித்தது?

குறை உண்டா? உண்டு. பிற்பாதியில் பையனின் வம்பு, வழிப்பறி, ஆஸ்பத்திரி என்று துன்பத்தை மூட்டை மூட்டையாக ஏற்றுகிறார்கள். அந்த ஒப்பந்தமே போதுமான வில்லன், அடியாட்கள் எதற்கு? ஆனால் அடிபட்டு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பவனிடம், உடைந்த ஸ்கேனருக்கு 1,000 பவுண்ட் என்று போனில் கணக்கு சொல்கிறார் மலோனி. அந்த ஒரு போன் காலுக்காக மன்னிக்கலாம்.

இன்னொன்று. சொந்தமாகத் தொழில் செய்தாலே இப்படித்தான் என்று பயந்து வெளியே வர வேண்டியதில்லை. தன் ரேட்டைத் தானே சொல்லி, நாலைந்து வாடிக்கையாளர்களை வைத்துக்கொண்டு, பிடிக்காத வேலைக்கு ‘முடியாது’ என்கிற டிசைனரும் மொழிபெயர்ப்பாளரும் ரிக்கி அல்ல. அவர்களைப் படம் காட்டவில்லை.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று பாருங்கள். ‘முடியாது’ என்று சொல்ல உங்களால் முடியுமா? முடியாதென்றால் அது தொழில் இல்லை, வேலைதான். பி.எஃப்., லீவு, போனஸ் இல்லாத வேலை!