கயிற்றின் மறுமுனை

முதலில் ஒரு தவறை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் நண்பர்கள் கூட்டமொன்றில் ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) பற்றிப் பேசினேன். அந்நாவல் கடலை அளவுக்குமீறிக் காதலிக்கிறது என்பதையே அதன் குறையாகச் சொன்னேன். பிழைப்புக்காகக் கடலில் இறங்குகிறவனுக்கு அலையை ரசிக்க அவகாசம் ஏது, இது கரையில் நிற்பவனின் ரொமாண்டிசிஸம் என்பது என் வாதம். ஆசிரியர் உவரிக்காரர், நான் தூத்துக்குடியில் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து வங்கிப் பேரேடு பார்க்கிறவன் என்கிற வித்தியாசம் அன்று என் நாக்கைத் தடுக்கவில்லை. யாரும் மறுத்தும் பேசவில்லை. அந்த வாதத்தை இப்போது வாபஸ் வாங்குகிறேன்.

என்னை முதலில் சந்தேகப்பட வைத்தது அலைச்சறுக்கு பற்றிய எழுத்து. ஜாக் லண்டன் 1907-ல் ஹவாயின் வைகிகி கரையில் பலகையேறிப் பழகினார். வெயிலில் தோல் வெந்துபோய்ப் படுக்கையில் விழுந்தார். அந்த அனுபவத்தை எழுதிய கட்டுரையில், அலைமேல் நிற்கிற மனிதன் கிட்டத்தட்ட ஒரு தேவனாகிவிடுகிறான். வில்லியம் ஃபின்னகனின் ‘பார்பேரியன் டேஸ்’ (2015) இன்னும் நிதானமான புத்தகம். போர்முனைகளிலிருந்து எழுதிய பத்திரிகைக்காரர் அவர். மதேராத் தீவின் பாறைக்கரையில் இருட்டும் வேளையில் உயிர்தப்பி ஏறியதைச் சொல்லும்போதும் தன்னை வீரனாக்கிக்கொள்வதில்லை. ஏன் திரும்பத் திரும்பப் போகிறேன் என்பதற்கு நியாயம் கற்பிப்பதும் இல்லை. ஒரு அலை உடைகிற விதத்தைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார். நியாயம் அந்த வர்ணனைக்குள்ளேயே இருக்கிறது.

போர்ச்சுகலின் நஸாரேயில் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கரையை ஒட்டி வந்து முடிகிறது. அட்லாண்டிக்கின் அலை அங்கே குவிந்து மலையாக எழும்புகிறது. 2020 அக்டோபரில் ஸெபாஸ்டியன் ஸ்டாய்ட்னர் சறுக்கி இறங்கிய அலையின் உயரம் 26.21 மீட்டர். 2023 ஜனவரியில் அதே நஸாரேயில் மார்சியோ ஃப்ரெய்ரி இறந்துபோனார். இவர்களை நோக்கி ‘எதற்காகச் சாகப் போகிறாய்’ என்று கேட்பவர்கள் உண்டு. ‘உனக்கு ரசிக்க என்ன உரிமை’ என்று யாரும் கேட்டதில்லை. நம் கரையில் விஷயம் தலைகீழ். எங்கள் ஆள் சாவது இயல்பு. ரசித்தால்தான் விளக்கம் கேட்கிறோம்.

தூத்துக்குடிக் கடலில் அப்படிப்பட்ட அலை கிடையாது. ஒருபுறம் இலங்கை மறைக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளப்பாறைகளும் கரைக்கு வேலி கட்டியிருக்கின்றன. பலகை எடுத்து வருகிறவர்கள் தெற்கே மணப்பாட்டுக்குப் போய்விடுவார்கள். உயரத்தில் இல்லாத ஆபத்து எங்களுக்கு ஆழத்தில் இருந்தது. கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு பார்களில் இறங்கினார்கள். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. நெஞ்சிலுள்ள காற்று பாதியாகச் சுருங்கும். காதுச்சவ்வு கிழிவது தொழிலோடு ஒட்டிய விஷயம். இங்கே கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. 1973-ல் இதே ஊரின் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் கருவை வைத்து முத்து விளைவித்தார்கள். முத்துக்கு ஆள் மூழ்க வேண்டிய அவசியம் அத்தோடு போயிற்று. திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவர்கள் மட்டும் இன்னும் மூழ்குகிறார்கள்.

மணப்பாட்டைக் களமாகக் கொண்ட வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ 1977-ல் வந்தது. வல்லத்தை விற்றுவிடச் சொல்கிறான் மகன். குரூஸ் மிக்கேலுக்கு மனம் வரவில்லை. இதை வல்லத்துக்கும் லாஞ்சுக்குமான மோதல், பழைய உற்பத்திமுறையின் வீழ்ச்சி என்றெல்லாம் படித்தோம். அப்படிப் படிக்க நாவலில் இடமிருக்கிறது. ஆனால் ஒரு கிழவனை வல்லத்தோடு பிணைத்திருப்பது வருமானம் மட்டும்தானா என்கிற எளிய கேள்வியை நாம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சந்தோஷம் என்ற சொல்லை உபயோகிக்க வேண்டியிருந்திருக்கும். முற்போக்காளருக்கு அது வர்க்க உணர்வைக் கெடுக்கும் சொல். அழகியல்வாதிகளான எங்களுக்கோ சந்தோஷம் என்பது படித்தவனின் தனிச்சொத்து. இரண்டு கட்சியும் ஒற்றுமையாக இருந்த ஒரே இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

என் கௌண்டருக்கு வருஷந்தோறும் நவம்பரில் ஒரு முதியவர் வருவார். வாலிபத்தில் முத்துக்குளித்தவர். பிறகு துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் தொடர்ந்து வர, தாம் உயிரோடிருப்பதை அவர் என் முன்னால் நிரூபிக்க வேண்டும். காது சுத்தமாகக் கேட்காது. போன நவம்பரில் கூட்டமில்லாத மத்தியானம். கீழே பயமாக இருக்காதா தாத்தா என்று கத்திக் கேட்டேன். பதிலாக எனக்கு வேண்டியிருந்தது ஒரு துயரக்கதை என்பதை மறைக்க விரும்பவில்லை.

“பயமெல்லாம் மேலதான் யய்யா. தோணில உக்காந்திருக்கும்போது இருக்கும். கீழ போயாச்சுன்னா ஒரு சத்தம் கிடையாது. கடன்காரன் சத்தம் கிடையாது, கோயில் மணிச் சத்தம் கிடையாது. கொஞ்ச நேரத்துல மேல வரணும்னே தோணாது. அதுக்குத்தான மச்சினன் கையில கயிறு.”

கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

குளிக்கிறவனின் கயிற்றை மைத்துனன் பிடிப்பான் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. தங்கை தாலியறுக்கச் சம்மதிக்கமாட்டான் என்பது நாங்கள் சொல்லிக்கொள்ளும் விளக்கம். கயிறு ஆபத்துக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கிழவர் அது வசீகரத்துக்கு என்கிறார். உடற்கூறும் அவர் பக்கம்தான். மூச்சுமுட்டுகிற உணர்வைத் தருவது பிராணவாயுவின் குறைவு அல்ல, கரியமிலவாயு சேர்வது. வேகவேகமாக மூச்சிழுத்து அதை வெளியேற்றிவிட்டு மூழ்குகிறவனுக்கு எச்சரிக்கை தாமதமாகத்தான் வரும், சிலசமயம் வராமலே போகும். வேதனையில்லாமல் நினைவு தப்பும். ஆக, கடல் கொல்வதும் அழைப்பதும் இரண்டு காரியங்கள் அல்ல. ஆபத்தை யதார்த்தம் என்றும் வசீகரத்தை ரொமாண்டிசிஸம் என்றும் பிரித்துப் போட்ட என் விமர்சனம் தண்ணீரையே தொடவில்லை.

மார்க்கோ போலோ காலத்திலேயே இக்கடலில் மீன்களை மந்திரத்தால் கட்டிப்போடுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு கூலி. கடல்கட்டி என்று அவர்களுக்குப் பெயர். சுறாவுக்கு மந்திரம் இருந்தது. மேலே வரத் தோன்றாமல் போவதற்கு மந்திரமில்லை, உறவுக்காரன் ஒருவனின் கைதான் இருந்தது. நஸாரேயிலும் கயிறு உண்டு. ஜெட் ஸ்கீயில் கயிறு போட்டு அலைக்குள் இழுத்துவிடுகிற ஜோடிதான், விழுந்தால் தேடியும் வர வேண்டும். 2013-ல் அங்கே நினைவிழந்த மாயா கபெய்ராவை மீட்டவர் அவருடைய ஜோடி கார்லோஸ் புர்லே. 2020-ல் அதே இடத்தில் கபெய்ரா 22.4 மீட்டர் அலையில் இறங்கினார். படங்களில் நம் கண் அலையில் நிற்பவரிடம்தான் போகிறது.

இதையெல்லாம் சொல்லும்போது ஒரு பயமும் இருக்கிறது. கடலின் வசீகரம் சம்மாட்டிக்கும் வட்டிக்காரனுக்கும் லாபகரமான சமாச்சாரம். ‘அவன் ஆசைப்பட்டுத்தான் இறங்குகிறான்’ என்று சொல்லிவிட்டால் கிழிந்த காதுக்கு யாரும் ஈடு தர வேண்டியதில்லை. பலகைக்காரன் தன் அலையைத் தேர்ந்தெடுக்கிறான், வேண்டாமென்றால் ஊருக்குத் திரும்பிப்போகிறான். குளித்தவனுக்கு அந்தத் தேர்வு இருக்கவில்லை. இந்த வித்தியாசத்தை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் தேர்வு இல்லாதவனுக்குச் சந்தோஷமும் இருந்திருக்க முடியாது என்று முடிவுகட்ட நான் யார்? அவனிடம் மிச்சமிருந்த ஒன்றையும் பரிதாபத்தின் பெயரால் பிடுங்கிக்கொள்வதுதான் அது.

‘ஆழி சூழ் உலகை’ மறுபடி படித்தேன். நடுக்கடலில் மிதந்து கிடக்கும் அந்த மூன்று பேரை அன்று பலியாட்களாக மட்டும் பார்த்திருந்தேன். கடலை அவர்கள் சபிக்கவில்லையே என்று எரிச்சல் வந்தது நினைவிருக்கிறது. இம்முறை நான் கவனித்தது அவர்களில் ஒவ்வொருவனும் மற்றவன்மேல் வைத்திருக்கும் கண்ணை. கயிறு இல்லாத இடத்தில் அதுதான் கயிறு. கடலின்மேல் உள்ள காதல் அந்நாவலில் மிகை அல்ல. அது இல்லாவிட்டால் இந்தக் கண்ணின் கனம் நமக்குத் தெரியாது.

அடுத்த நவம்பரில் கிழவர் வந்தால் இதைச் சொல்லலாம். எவ்வளவு கத்தினாலும் அவர் காதில் விழப்போவதில்லை.