ராஜாளியில் விசிறியும் ஜெட்டும்

செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் வழியாகப் போகும் ரயில் பாதையின் மறுமுனை அரக்கோணம். மாமல்லபுரத்துக்குக் கிழக்கே விரியும் கடலைக் கண்காணிக்கும் பெரிய விமானங்கள் அங்குள்ள ஐஎன்எஸ் ராஜாளி தளத்திலிருந்துதான் கிளம்புகின்றன. 1992 முதல் அங்கே கோலோச்சியது டி.யு-142. ரஷ்யக் குண்டுவீச்சு விமானத்தின் வாரிசு. நான்கு டர்போப்ராப் எஞ்சின்கள், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரட்டை விசிறிகள். கடற்படையில் மொத்தம் 29 ஆண்டு உழைத்து, 2017 மார்ச் 29இல் அது ஓய்வுபெற்றது. போயிங் 737 பயணியர் விமானத்தை நீர்மூழ்கி வேட்டைக்கென மாற்றிய பி-8ஐ ஜெட், 2013 மே மாதமே வந்திறங்கியிருந்தது.

ஜெட் வந்ததால் வேகம் கூடிவிட்டது என்பது பொதுவான நம்பிக்கை. உண்மையில் இரண்டின் உச்ச வேகமும் மணிக்கு 900 கி.மீ.க்குச் சற்று மேல்தான். தொலைவிலோ கிழவருக்கே வெற்றி: ஒரே மூச்சில் 12,000 கி.மீ. போவார். பி-8 சுமார் 2,200 கி.மீ. தள்ளிப் போனால், அங்கே நான்கு மணி நேரம் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். நடுவானில் எரிபொருள் வாங்கலாம் என்றால், நம் விமானப்படையின் ஐ.எல்-78 டேங்கர்களின் குழாய் அமைப்பு இதற்குப் பொருந்தாது. இத்தனை பணம் கொடுத்து வாங்கியபோதே இதைத் தீர்த்திருக்க வேண்டாமா?

லாபம் இருப்பது விமானத்தின் வயிற்றுக்குள். சோனோபாய் என்பது ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளக் குழல். கடலில் விழுந்ததும் மிதவை மேலே நிற்க, ஒலிவாங்கி கம்பியில் கீழே இறங்கும். கேட்டதை ரேடியோவில் மேலே அனுப்பும். இப்படிப் பல குழல்கள் அனுப்பும் இரைச்சலிலிருந்து நீர்மூழ்கியின் ஓசையைப் பிரிப்பது கணினியின் வேலை. அதில் பழைய ரஷ்யக் கருவிகள் பக்கத்தில்கூட நிற்க முடியாது.

அமெரிக்கா தன் பி-8இல் நீர்மூழ்கியைக் கண்டறியும் காந்த உணர்கருவியை விட்டுவிட்டது. உயரத்திலிருந்தே வேட்டையாடுவது அவர்கள் திட்டம். இந்தியா அந்தக் கருவியைக் கேட்டு வாங்கி வாலில் பொருத்திக்கொண்டது. நல்ல பிடிவாதம்தான். ஆனால் அது பயன்பட விமானம் தாழப் பறக்க வேண்டும். தாழப் பறந்தால் ஜெட் எஞ்சின் எரிபொருளை விழுங்கும். விசிறி விமானத்துக்கு இயல்பாக இருந்த வேலை இதற்குச் செலவாகிவிடுகிறது.

கருவிகளின் எல்லையையும் பார்த்துவிட்டோம். 2016 ஜூலையில் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் கிளம்பிய விமானப்படையின் ஏ.என்-32 விமானம், 29 பேருடன் மறைந்தது. பி-8ஐயும் தேடியது, கிடைக்கவில்லை. 2024இல்தான் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆழ்கடல் கலம், சென்னைக் கரையிலிருந்து 310 கி.மீ. தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளைப் படமெடுத்தது.

ஆழ்கடல் ரோந்துக்கு பி-8ஐ சரியான தேர்வு என்பதே என் முடிவு. கரையோர ரோந்துக்கும் ஜெட் வாங்கினால் அது வீண் செலவு. 2024 பிப்ரவரியில் நடுத்தரத் தொலைவுக் கடற்கண்காணிப்பு விமானங்களுக்கு ஒப்புதல் கிடைத்தது. அதற்கான சி-295 ஒரு டர்போப்ராப் விமானம்தான்.