இடைவேளையில் கலகம்

அமெரிக்க ஃபுட்பாலின் இறுதியாட்டமான சூப்பர் பௌலில், ஆட்டத்தைவிட இடைவேளைக் கச்சேரிக்குத்தான் சண்டை அதிகம். 2004-ல் ஜேனட் ஜாக்ஸனின் உடை விலகி ரகளையானதும், பால் மெக்கார்ட்னி, ரோலிங் ஸ்டோன்ஸ் என்று பெரியவர்களாகப் பார்த்துக் கூப்பிட்டார்கள். ஹிப் ஹாப்புக்கு முழு மேடை 2022-ல்தான் கிடைத்தது. டாக்டர் டிரே, ஸ்னூப் டாக், எமினெம் கோஷ்டி. 2025-ல் நியூ ஆர்லியன்ஸில் கெண்ட்ரிக் லமார்.

'ஒரு வார்த்தை புரியலை, இதெல்லாம் பாட்டா?' என்றது ஒரு கட்சி. 'எங்க பேட்டைக் குரல் இப்பவாவது கேட்டுதே' என்றது மறு கட்சி. என் ஓட்டு கெண்ட்ரிக்குக்கு. நடிகர் சாமுவேல் ஜாக்ஸன் அங்கிள் சாம் வேஷத்தில் வந்து, 'சத்தம் ஜாஸ்தி' என்கிற தோரணையில் நடுநடுவே அதட்டுகிறார். வரப்போகிற புகாரை முன்கூட்டியே மேடையேற்றிவிட்டார்கள்! ஆட்டக்காரர்கள் தங்கள் உடம்பாலேயே தேசியக் கொடி அமைக்கிறார்கள். அது நடுவில் பிளந்து நிற்கிறது. இது புரிய இங்கிலீஷே வேண்டாம்.

ஆனால் மூன்றாவதாக ஒரு கட்சி உண்டு. அவர்கள் கேள்விக்குத்தான் பதில் சொல்ல முடியவில்லை. கறுப்பர்களைப் போலீஸ் நடத்தும் விதத்தை எதிர்த்து, 2016-ல் தேசிய கீதத்தின்போது முழங்காலிட்டார் காலின் கேப்பர்னிக். அந்த சீசனுக்குப் பின் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. 2022 கச்சேரியில் எமினெமும் முழங்காலிட்டார். அந்த நிகழ்ச்சிக்கு எம்மி விருது.

பாடினவருக்குப் பரிசு, ஆடினவருக்கு வேலை போச்சு. மண்டி என்னவோ ஒரே மண்டிதான்.