புனிதப் போர்வீரன் வேடம்

மேலைநாட்டு இளைஞரிடையே சில பத்தாண்டுகளாக ஒருவகை ஆட்டம் வழக்கிலிருந்து வருகிறது. காட்டையோ கோட்டையையோ களமாகக் கொண்டு, ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்துக்குரிய உடை தரித்து, இரண்டு மூன்று நாட்கள் அப்பாத்திரமாகவே உண்டு, உரையாடி, போரிட்டு வாழ்கின்றனர். எழுதிவைத்த வசனம் கிடையாது. தனியே பார்வையாளரும் இல்லை, ஆடுவோரே காண்போர். வாள்கள் நுரைப்பஞ்சினாலும் இறப்பர்ப் பாலினாலும் ஆனவை. 1982ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பெக்ஃபோர்ட்டன் கோட்டையில் 'டிரெஷர் டிராப்' என்ற பெயரில் இவ்வாட்டம் ஒழுங்குற நடத்தப்பட்டது. இன்று ஜெர்மனியில் ஆயிரக்கணக்கானோர் இதற்கெனக் கூடுகின்றனர்.

இவ்வாட்டத்தின் பாத்திரங்களுள் ஒன்று நம் கவனத்துக்குரியது. பாதிக் குருவும் பாதிப் போர்வீரனுமான புனிதப் போராளி அவன். கவசத்தின் மேல் திருச்சின்னம் அணிவான். காயமுற்ற தோழனின் தலையில் கைவைத்து ஓதிக் குணப்படுத்துவான். பிணமாய் எழுந்துவரும் பகைவரை இறைநாமத்தால் விரட்டுவான். இப்பாத்திரத்தின் மூதாதை, 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை ஆட்டத்தில் இருக்கிறான். கூர்முனை ஆயுதம் அவனுக்கு விலக்கப்பட்டிருந்தது, தண்டாயுதம் அனுமதிக்கப்பட்டிருந்தது. 1066ஆம் ஆண்டின் ஹேஸ்டிங்ஸ் போரைச் சித்திரிக்கும் பாயூ பூந்தையல் துணியில் ஒடோ என்ற ஆயர் தடியேந்திக் குதிரைமேல் தோன்றுகிறார். குருமார் இரத்தம் சிந்தலாகாது என்பதால்தான் அவர் தடி ஏந்தினார் என்று விளக்கம் சொல்வாருண்டு. இரத்தம் சிந்தலாகாது, மண்டையை மட்டும் உடைக்கலாம் என்னும் இந்தத் தர்க்கத்தில், மதத்தின் பெயரால் நடந்த போர்களின் வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது.

இவ்வாட்டத்தைக் கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டு என் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான்: "சேர், இத நம்மட ஊர்ல, நம்மட ஆக்கள் வெளையாடினா நம்மள என்ன செய்வாங்க?" வகுப்பு சிரித்தது. என்னால் சிரிக்க இயலவில்லை. அவன் வினாவுக்கு விடைகாணும் முயற்சியே இக்கட்டுரை.

கல்முனைக் கரைக்கு இவ்வேடம் புதியதன்று. தமிழ் முஸ்லிம்கள் 'படைப்போர்' என்றொரு இலக்கிய வகையையே ஆக்கிக்கொண்டவர்கள். 1686இல் வரிசை முகியித்தீன் புலவர் 'சக்கூன் படைப்போர்' பாடினார். அசன் அலிப் புலவரின் 'ஐந்து படைப்போர்' பிற்காலத்தில் பெரிதும் பரவியது. இவற்றின் நாயகர் அலி முதலான சமய வீரர்கள். போர்களோ பெரும்பாலும் கற்பனை. பகையரசருள் ஒருவனுக்கு இந்திராயன் என்று பெயர் இருப்பதே, இப்போர்களின் மண் அரபு நாடன்று, புலவனின் தமிழ்நாடே என்பதைக் காட்டிவிடுகிறது. பரணி முதலிய பழந்தமிழ்ப் போரிலக்கியத்தின் பேய்க்கூத்தும் குருதிவெள்ளமும் இங்கே கலிமாவோடு கைகோத்து வருகின்றன.

நம் ஊர்களின் ஆட்டங்களிலும் இவ்வீரத்தின் நிழல் உண்டு. கலியாண வீட்டு முற்றத்தில் சிலம்படியும் சீனடியும் ஆடியவர்கள், அடிக்கும் கையை அடிவிழும் முன்னரே நிறுத்தக் கற்றவர்கள். அண்ணாவியார் குரல் கொடுத்ததும் களிகம்புகள் ஒருசேர ஓயும். கடற்கரைப் பள்ளிவாசலின் கொடியேற்றக் காலமும் றபான் ஒலியும் நம் மூத்தோர் நினைவில் பக்தியாக மட்டுமன்றிக் களிப்பாகவும் நிலைத்திருக்கின்றன.

இவ்வாட்டங்களுக்கும் மேலைநாட்டு ஆட்டத்துக்கும் பொதுவானது ஓர் ஒப்பந்தம். எவரேனும் மெய்யாகவே காயமுற்றால் 'நிறுத்து' என்ற ஒரு குரலில் ஆட்டம் நிற்கும். வெட்டுண்டு வீழ்ந்தவன் மாலையில் எழுந்து, வெட்டியவனோடு அமர்ந்து தேநீர் அருந்துவான். நான் இவ்வேடத்தை அணிந்திருக்கிறேன், ஆயினும் நான் இவ்வேடமல்லேன் என்ற இரட்டை உணர்வே அதன் உயிர். கூத்தன் கிரீடத்தைக் கழற்றியதும் மீண்டும் உழவனாவது போன்றதே இது. கலை மனிதனுக்குக் கற்பிக்கும் முதற்பாடமும் இதுவே எனலாம்.

எனினும், இப்புனித வீரனை நாம் விமர்சனமின்றி ஏற்க இயலாது. அவனுடைய விசுவாசம் எண்ணிக்கையாகிவிட்டது. ஒரு நாளில் இத்தனை முறை ஓதலாம், ஓரோதலுக்கு இத்தனை காயம் ஆறும் என்று கணக்கு வகுக்கப்பட்டுள்ளது. இதைவிடப் பெரிய குறை அவனுடைய பகைவனைப் பற்றியது. அப்பகைவன் பிறப்பிலேயே தீயவன். அவனுக்கு வயல் இல்லை, தாய் இல்லை, வழக்கு இல்லை. எனவே அவனைக் கொல்வதில் கேள்வியும் இல்லை. நம் படைப்போர்களிலும் நிலைமை பெரிதும் இதுவே. பகையரசன் ஏன் போருக்கு வந்தான், அவன் சேனையில் மடிந்த கூலிவீரன் எந்தக் குடிசையிலிருந்து வந்தான் என்று புலவன் கேட்பதில்லை. மன்னரையும் வள்ளலையும் அண்டிப் பாடிய நிலப்பிரபுத்துவக் காலத்தின் பார்வை அது.

1647இல் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் 'சந்தியோகுமையோர் அம்மானை' பாடினார். போர்த்துக்கேயரோடு இத்தீவுக்கு வந்த அப்புனிதர், ஐபீரிய மரபில் முஸ்லிம்களை வீழ்த்தும் குதிரைவீரராகப் போற்றப்பட்டவர். அதே நூற்றாண்டில், அதே தமிழில், சக்கூன் படைப்போரும் பாடப்பட்டது. ஒரு நூலின் தீயவன் மறு நூலின் புனிதன். இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணவனுக்கு, பகைவனின் தீமை பாடுபவனின் பக்கத்தைப் பொறுத்தது என்பது விளங்கிவிடும். நம் பாடத்திட்டத்தில் இவ்விரண்டையும் ஒருசேரப் படிக்கும் வாய்ப்பு இல்லாதது பெருங்குறையே.

அதே மரபினுள் வேறொரு குரலும் ஒலிக்கிறது. ஜலாலுத்தீன் ரூமியின் மஸ்னவியில் வரும் கதையில், அலி ஒரு வீரனை வீழ்த்தி வாளோங்குகிறார்; வீழ்ந்தவன் அவர் முகத்தில் உமிழ்கிறான். உடனே அலி வாளைக் கீழே போடுகிறார். இறைவனுக்காக ஓங்கிய கையில் தன் சொந்தச் சினம் கலந்துவிட்டது என்பதே அவர் கூறும் காரணம். தன் நெஞ்சைத் தானே சோதிக்கும் இந்த அலியை நம் பள்ளிப் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

ஏனெனில், வேடத்தைக் கழற்ற மறுத்தவர்களையும் இக்கரை கண்டிருக்கிறது. கொடியேற்றம் பிழை, றபான் பிழை, தர்கா பிழை என்று ஆட்டங்களையெல்லாம் விலக்கச் சொன்ன குரல்கள் நம் ஊர்களில் எழுந்தன. அவ்வாறு சொன்னோர் அனைவரும் வன்முறையாளர் அல்லர். அப்படிக் கூறுவது அநீதி. ஆயினும், 2017 மார்ச்சில் காத்தான்குடியில் சூபி வழியினரோடு வன்முறையாக மோதிய குழுவின் தலைவனே, 2019 ஏப்ரல் 21இல் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட தாக்குதலுக்கும் தலைமை தாங்கினான். ஐந்தாம் நாள், கல்முனையை அடுத்த சாய்ந்தமருதில், அவன் குடும்பத்தார் தங்கியிருந்த வீட்டில் வெடித்த குண்டுகளில் குழந்தைகளும் மாண்டனர். அக்குழந்தைகள் எந்த வேடத்தையும் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். 'நிறுத்து' என்று கூவ அங்கே எவருமில்லை. அவ்வீட்டைப் பற்றி அதிகாரிகளுக்கு அறிவித்தவர்கள் அவ்வூர் முஸ்லிம் மக்களே என்பதையும் வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும்.

புனிதம் மதத்திலிருந்துதான் வரவேண்டும் என்பதுமில்லை. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரைச் சுட்டவர்கள், இன விடுதலை என்ற புனிதத்தை அணிந்திருந்தனர். அதே மாதத்தில் வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்த தமிழர் கொல்லப்பட்டபோது, ஊர்காவற்படையிலிருந்த நம்மவர் கைகளும் அதில் படிந்தன. இதை மறைத்துவிட்டு நாம் முற்போக்குப் பேசுதல் பொய்ம்மையாகும்.

இனி மாணவனின் வினாவுக்கு வருவோம். 2019இன் பின்னர் இந்நாட்டு முஸ்லிம் ஒவ்வொருவன் மீதும் அவன் கேளாமலே இப்புனித வீரன் வேடம் போர்த்தப்பட்டது. சமையலறைக் கத்திகள் சான்றுப்பொருளாயின. உடையில் அச்சிட்டிருந்த கப்பற் சுக்கானைத் தருமச் சக்கரமென்று கருதி ஒரு பெண்ணைக் கைது செய்தனர். 2020 மே மாதத்தில் அஹ்னாப் ஜசீம் என்ற இளங்கவிஞர், ஆசிரியர், 'நவரசம்' என்ற தம் கவிதைத் தொகுதியின் பேரில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். ஒன்றரை ஆண்டுக்கு மேல் அவரைத் தடுத்து வைத்தனர்; 2023 டிசம்பரில்தான் நீதிமன்றம் அவரை விடுவித்தது. கவிதையில் பேசும் குரல் வேறு, கவிஞன் வேறு என்பது நம் ஒன்பதாம் வகுப்பு மாணவனும் அறிந்த இலக்கணம். அவ்விலக்கணத்தை அரசு அறியாததால் ஓர் ஆசிரியரின் இளமையில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் சிறையில் கழிந்தது.

இங்கே ஓர் ஒற்றுமை புலப்படுகிறது. மதவெறியன் வேடத்தைத் தன் முகமென்று நம்புகிறான். ஐயுறும் அரசோ பிறர் முகத்தையே வேடமென்று முடிவுகட்டுகிறது. இருவருக்கும் மேடையும் வாழ்வும் வேறுபட்டவை என்ற அறிவு கிடையாது. அவ்வறிவை வளர்ப்பதற்கென்றே இலக்கியக் கல்வி உண்டு.

அம்மாணவனுக்கு நான் கூறிய விடை இதுதான்: "இன்றைக்கு வெளையாடினா பொலிஸ் வரும். அதனால நீங்க வெளையாடப் படிக்க வேணாம் எண்டு நான் சொல்லல்ல." அடுத்த தவணையில் பள்ளி முற்றத்தில் ஒரு சிறு நாடகம் போட எண்ணியிருக்கிறோம். அலி வாளைக் கீழே போடும் காட்சி அது. வேடம் அலிக்கில்லை, நம் மரபுக்கேற்ப அவர் மேடைக்கு வரமாட்டார். வீழ்ந்து கிடந்த அந்தப் பகைவன் எழுந்து நின்று, தன் வயலையும் தன் தாயையும் பற்றிப் பேசுவான். அந்த வேடத்தைத்தான் என் மாணவன் கேட்டு வாங்கியிருக்கிறான்.